போர்வையைத் தூக்கிப் பாருங்கள்: வடசென்னை ஐசியூக்களுக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும், இந்தப் பக்கம் வியாசர்பாடி, பெரம்பூர் வரைக்கும் சிறியதும் பெரியதுமாக ஐசியூ வைத்து மருத்துவமனை நடத்துகிறவர்களுக்கும், அந்த ஐசியூக்களில் நாங்கள் சீஃப் என்று கூப்பிடுகிற மூத்த மருத்துவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் 17 வருடமாக ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ். இந்தப் பகுதியிலேயே மூன்று மருத்துவமனைகளில் வேலை பார்த்திருக்கிறேன். எந்தெந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. மூன்றிலும் ஒரே மாதிரிதான் நடந்தது, அதனால் பெயர் சொல்லி ஒன்றும் ஆகப் போவதில்லை.

நான் கேட்பது இதுதான். தேவை முடிந்துபோன யூரின் கத்தீட்டரை, அதாவது சிறுநீரை வெளியே எடுக்கச் சிறுநீர்ப்பைக்குள் போடும் டியூபை, எடுக்கும் அதிகாரத்தை நர்ஸுக்கு எழுத்தில் கொடுங்கள். சென்ட்ரல் லைன், அதாவது மருந்து ஏற்றப் பெரிய ரத்தக்குழாய்க்குள் விடும் டியூப், போடும்போது சுத்தம் தவறினால் "நிறுத்துங்க டாக்டர்" என்று சொல்லும் அதிகாரத்தையும் அதே தாளில் எழுதுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் காசிமேட்டிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர், விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். கடுமையான நிமோனியா, பிரஷர் இறங்கிவிட்டது, பிரஷரைத் தூக்கிப் பிடிக்கும் நார்அட் மருந்து ஓடிக்கொண்டிருந்தது. மணிக்கொரு தரம் யூரின் எவ்வளவு வருகிறது என்று பார்த்தே ஆக வேண்டிய நிலை, அதனால் கத்தீட்டர் போட்டோம். அது சரியான முடிவு. மூன்றாம் நாள் பிரஷர் நிலைக்கு வந்தது, நார்அட்டை நிறுத்தினார்கள். நான்காம் நாள் காலையில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். என்னைப் பார்த்து, "தங்கச்சி, இத்த எடுத்துட்டின்னா நானே எய்ந்து போய்க்குவேன், கூச்சமா கீது" என்றார். "டாக்டர் சொல்லணும்ண்ணா" என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டேன். டாக்டரிடம் கேட்டேனா? இல்லை. ரவுண்ட்ஸில் அவருடைய எக்ஸ்ரேவைப் பற்றிப் பேசினார்கள், ஆக்சிஜனைக் குறைப்பதைப் பற்றிப் பேசினார்கள், டியூபைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

ஒன்பதாம் நாள் இரவு குளிர் நடுக்கம். பிறகு 103 டிகிரி காய்ச்சல், பிரஷர் மறுபடியும் கீழே. கிருமியை வளர்த்துப் பார்க்கும் யூரின் கல்ச்சரிலும் பிளட் கல்ச்சரிலும் ஒரே கிருமி வந்தது, கிளெப்சியெல்லா. ரிப்போர்ட்டில் இருந்த ஆன்டிபயாட்டிக் வரிசையில் இரண்டுக்குத்தான் அது கட்டுப்படும் என்று இருந்தது, இரண்டுமே விலை அதிகம். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இரண்டு நாளில் வார்டுக்குப் போக வேண்டியவர் மேலும் 16 நாள் ஐசியூவில் கிடந்தார். அவர் மனைவி மாடிப்படிக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருப்பார். முதல் வாரம் காதில் இருந்த கம்மல் மூன்றாவது வாரம் இல்லை.

அந்த ஒன்பது நாளில் 27 ஷிஃப்ட். கத்தீட்டர் தேவைப்பட்ட முதல் மூன்று நாளைக் கழித்தால்கூட 18 ஷிஃப்ட். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு நர்ஸ் டியூபின் நுனியில் தொங்கும் யூரின் பையைக் காலி செய்து, எத்தனை எம்எல் என்று அளந்து, சார்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதில் நான்கு கையெழுத்து என்னுடையது. இன்னும் இது ஏன் இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மருத்துவர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை, ஆனால் நோயாளி வீட்டார் சிலரும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். சிறுநீர்ப்பைக்குள் ஒரு டியூப் இருந்தால் கிருமிக்கு அது ஏணி மாதிரி. தோலிலிருந்து டியூபின் வெளிப்பக்கமாகவும் ஏறும், பையிலிருந்து உள்பக்கமாகவும் ஏறும். ஏறிய கிருமி, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பாசி பிடிப்பதுபோல டியூபின் மேல் வழவழவென்று ஒரு படலம் கட்டிக்கொள்ளும், அதற்குள் ஆன்டிபயாட்டிக் சரியாகப் போய்ச் சேராது. டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குப் புதிதாக யூரினில் கிருமி குடியேறுகிறது, ஒரு மாதம் போனால் ஏறக்குறைய எல்லோருக்கும். குடியேறிய எல்லோருக்கும் நோய் வந்துவிடாது, அதனால் காய்ச்சலோ வேறு அறிகுறியோ இல்லாதவருக்குக் கல்ச்சர் அனுப்பி, வளர்ந்திருக்கிறதே என்று ஆன்டிபயாட்டிக் ஆரம்பிப்பதும் தவறுதான். ஆனால் அப்படிக் குடியேறியவர்களில் ஒரு பங்குக்கு அது ரத்தத்துக்குப் போகிறது, எங்கள் காசிமேட்டு அண்ணனுக்குப் போனதுபோல. எவ்வளவு சுத்தமாகப் பார்த்துக்கொண்டாலும், எவ்வளவு விலை உயர்ந்த சிலிகான் கத்தீட்டர் போட்டாலும், டியூபை வெளியே எடுப்பதற்கு ஈடு எதுவும் கிடையாது.

சரி, எடுக்கச் சொல்ல வேண்டியவர் யார்? அங்கேதான் சிக்கல். அமெரிக்காவில் சஞ்சய் செயின்ட் என்ற மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2000ஆம் ஆண்டில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நான்கு மருத்துவமனைகளில் மருத்துவர்களிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: உங்கள் பொறுப்பில் இருக்கும் இந்த நோயாளிக்கு யூரின் கத்தீட்டர் இருக்கிறதா? கத்தீட்டர் இருந்தும் அது தெரியாதவர்கள் மாணவர்களில் 21 சதவீதம், இன்டர்ன்களில் 22, ரெசிடென்ட்களில் 27, மேலே பொறுப்பில் இருக்கும் மூத்த மருத்துவர்களில் 38. படி ஏற ஏறத் தெரியாதவர்கள் அதிகமாகிறார்கள். இதை யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை, மேடம். சீஃப் ஒரு நோயாளிக்கு முன்னால் நிற்பது ஐந்து நிமிடம், கத்தீட்டர் இருப்பது போர்வைக்கு அடியில். நாங்கள் எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் பக்கத்திலேயே நிற்கிறோம், திருப்பிப் படுக்க வைக்கிறோம், கழுவிவிடுகிறோம், அந்தப் பையைத் தொடுகிறோம். எங்களுக்குத் தெரியும். தெரிந்தவரிடம் அதிகாரம் இல்லை, அதிகாரம் இருப்பவர் கண்ணில் அது படுவதில்லை.

கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். கேட்டிருக்கிறேன். என் ஐந்தாவது வருடத்தில் ஒரு ரவுண்ட்ஸில் ஒன்பது பேர் சுற்றி நிற்க, "சார், ரெண்டாவது பெட் கத்தீட்டர் எடுத்துடலாமா?" என்று கேட்டேன். "சிஸ்டர், உங்க வேலையைப் பாருங்க" என்று பதில் வந்தது. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அவர் வேறு யோசனையில் இருந்தார். அதற்கப்புறம் நான் ரவுண்ட்ஸில் எதையும் கேட்டதே இல்லை என்று சொன்னால் மிகையில்லை. எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் என்னைப் பார்த்து அதையே கற்றுக்கொண்டார்கள். கையில் ஒரு தாள் இருந்தால் அனுமதி கேட்கிற நிலையே வராது, அது எங்கள் வேலையாகவே ஆகிவிடும்.

இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், சின்ன வயதில் எங்கள் தெருவில் யாருக்காவது வாந்தி பேதி என்றால் "தண்டையார்பேட்டைக்குக் கொண்டுபோ" என்பார்கள், அங்கே தொற்றுநோய்க்கென்றே மருத்துவமனை இருக்கிறது. தொற்று என்றால் தண்ணீரில் வருவது, கொசுவில் வருவது, வெளியே இருந்து வருவது என்றே நினைத்து வளர்ந்தோம். வெள்ளை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நானே ஒருவருக்குக் கொடுத்துவிட முடியும் என்பது படிக்கும்போது பரீட்சைக்கு எழுதிய பதிலாகத்தான் இருந்தது, அந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும் வரைக்கும்.

எங்கள் பக்கத்துத் தவறுகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆறு பெட்டுக்கு ஒரே ஒரு அளவு ஜக் இருந்த ஐசியூவில் வேலை பார்த்திருக்கிறேன். முதல் பெட்டில் ஆரம்பித்து ஆறாவது பெட் வரை அதே ஜக், அதே க்ளவுஸ், பையின் வாய் ஜக்கின் விளிம்பில் இடிக்கும். ஒருவருடைய கிருமியை ஆறு பேருக்குப் பங்கு வைக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஒரு பிளாஸ்டிக் ஜக் என்ன விலை? ஆளுக்கு ஒன்று, பெட் நம்பர் எழுதி, போதும். கட்டிலைத் தாழ்த்தினால் பை தரையில் படும், யாரும் கவனிப்பதில்லை. சாம்பிள் எடுக்க டியூபிலேயே இடம் இருக்கிறது, அதைத் துடைத்து சிரிஞ்சில் எடுக்காமல் பையைக் கழற்றிப் பிடிப்பார்கள், கழற்றினால் மூடிய வழி திறந்துபோகிறது. இதில் எனக்கு மிகவும் வலிப்பது ஸ்கேனுக்குக் கொண்டுபோகும் நேரம். ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது அட்டெண்டர் பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துவிடுவார், லிஃப்ட்டில், வராண்டாவில், ஸ்கேன் ரூம் வாசலில் காத்திருக்கும் முக்கால் மணி நேரமும் பை அங்கேயே இருக்கும், பையில் இருந்ததெல்லாம் திரும்ப உள்ளே ஓடும். பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழேதான் தொங்க வேண்டும், கிளம்புவதற்கு முன் காலி செய்துவிட வேண்டும் என்று அந்த அட்டெண்டர் அண்ணனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒருமுறை நான் உட்கார வைத்துச் சொன்னேன். அதற்குப் பிறகு அவரே ஸ்ட்ரெச்சர் கம்பியில் ஒரு கொக்கி மாட்டி வைத்துக்கொண்டார்.

இன்னொரு உண்மையும் இருக்கிறது, என் தோழிகள் சிலருக்குப் பிடிக்காது. கத்தீட்டர் இருந்தால் எங்களுக்கு வேலை குறைவு. எடுத்துவிட்டால் பெட்பேன் வைக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும், நனைந்த விரிப்பில் கிடந்தால் முதுகில் புண் வரும் என்ற பயம். வென்டிலேட்டரில் இருப்பவர் ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பது நாங்கள் படித்த கணக்கு. நைட் டியூட்டியில் எனக்கு மூன்று பெட், யாராவது லீவு போட்டால் நான்கு. அந்த நான்கில் இரண்டு பேருக்கு டியூப் இருக்கட்டும் என்று மனசு சொல்வதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். அதனால் அதிகாரம் மட்டும் கொடுத்துவிட்டு ஆள் கொடுக்காமல் விட்டால் இது நடக்காது, சார். நைட்டுக்கு இன்னும் ஒரு ஸ்டாஃப், ஒரு ஆயாம்மா. ஆண் நோயாளிகளில் பலருக்கு வெளியே மாட்டும் காண்டம் கத்தீட்டரே போதும், அதை ஸ்டாக்கில் வையுங்கள். காசு செலவாகும்தான். 16 நாள் கூடுதல் ஐசியூ செலவை ஒரு காசிமேட்டுக் குடும்பம் தலையில் சுமந்ததை நான் பார்த்திருக்கிறேன், அதற்குப் பக்கத்தில் வைத்து இந்தச் செலவைப் பாருங்கள்.

அப்புறம் சென்ட்ரல் லைன். இங்கே தவறினால் கிருமி நேராக ரத்தத்துக்குள், நடுவில் எந்தத் தடுப்பும் இல்லை. ஒரு இரவு இரண்டு மணிக்கு ஒரு பாட்டிக்குக் கழுத்தில் லைன் போட வேண்டியிருந்தது. பிரஷர் ஓரளவு இருந்தது, உயிர் போகும் அவசரம் இல்லை. தலையிலிருந்து கால் வரை மூடும் பெரிய ட்ரேப் ஸ்டோரில் தீர்ந்திருந்தது, நடுவில் ஓட்டை போட்ட சின்னத் துண்டைப் போட்டுத்தான் ஆரம்பித்தார் மேற்படிப்புப் படிக்கும் பிஜி டாக்டர். லைனை ரத்தக்குழாய்க்குள் வழிநடத்தும் கைடு வயரின் வால் கட்டில் கம்பியில் பட்டது. நான் பார்த்தேன். "டாக்டர், வயர்..." என்றேன். "பரவால்ல சிஸ்டர்" என்றார். நல்ல பையன், முந்தின நாள் காலையிலிருந்து தூங்கவில்லை. நான் அடுத்த சிரிஞ்சை எடுத்துக் கொடுத்தேன். முடிந்ததும் கேஸ் ஷீட்டில் "முழுச் சுத்த முறையில் லைன் போடப்பட்டது" என்று எழுதியது என் கைதான்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற ஐசியூ மருத்துவர் 2001இல் இதற்காக ஒரு சின்னப் பட்டியல் போட்டார். கை கழுவு, குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியால் தோலைத் துடை, முழு ட்ரேப்பும் கவுன், மாஸ்க், தொப்பி, க்ளவுஸும் போடு, முடிந்தவரை தொடையில் போடாதே, தேவையில்லாத லைனை எடுத்துவிடு. இவ்வளவுதான். புது மருந்து, புது மிஷின் எதுவும் இல்லை. பிறகு மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் இதைச் செய்து பார்த்து, 2006 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். 1000 லைன் நாட்களுக்குச் (ஒருவருக்கு ஒரு நாள் லைன் இருந்தால் அது ஒரு லைன் நாள்) சராசரியாக 7.7 ரத்தத் தொற்று இருந்தது, ஒன்றரை வருடத்தில் 1.4 ஆகக் குறைந்திருந்தது. எல்லோரும் அந்தப் பட்டியலைத்தான் பேசுவார்கள், ஒரு நர்ஸாக என் கண்ணில் நின்றது வேறு. அவசரமில்லாத நேரத்தில் பட்டியலில் ஒன்று தவறினாலும் நர்ஸ் டாக்டரை நிறுத்தலாம், மேலிடம் நர்ஸின் பக்கம் நிற்கும் என்று அங்கே முதலிலேயே முடிவு செய்திருந்தார்கள். இங்கே பட்டியலை லேமினேட் செய்து சுவரில் ஒட்டியிருக்கிறோம். நிறுத்தும் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. அந்த இரவு என் கையில் அது இருந்திருந்தால் அந்த டாக்டர் தம்பிக்கும் நல்லது, புது வயர் எடுத்திருப்பார், ஐந்து நிமிடம் கூடியிருக்கும்.

உண்மையிலேயே அவசரத்தில், ஆம்புலன்ஸில் வந்து இறங்கியவுடன் போடுகிற லைன் வேறு விஷயம், அங்கே யாரும் ட்ரேப்பைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அப்படிப் போட்டதை 48 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். அவசரத்தில் போட்டது என்று அந்த லைனில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது ஷிஃப்டில் யாருக்கும் அது ஞாபகம் இருக்காது.

போட்ட பிறகு பத்து நாள் அதைக் காப்பாற்றுவது நாங்கள். மருந்து ஏற்றும் ஒவ்வொரு முறையும் லைனின் வாயை ஸ்பிரிட்டில் அழுத்தித் தேய்த்து, காய விட்டு, அப்புறம்தான் சிரிஞ்ச் வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே நோயாளிக்கு இருபது முப்பது தடவை. லைனில் மாட்டும் த்ரீ-வே இணைப்பின் மூடி தொலைந்துபோனால் ஊசி உறையைச் செருகி வைக்கும் பழக்கம் இங்கே இருக்கிறது, தயவுசெய்து மூடியை வாங்கிப் போடுங்கள். டிரெஸ்ஸிங் பற்றி ஒன்று. கண்ணாடி மாதிரி ஒட்டும் டிரெஸ்ஸிங் ஏழு நாள் வரை இருக்கலாம், துணி டிரெஸ்ஸிங் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், எதுவானாலும் நனைந்தாலோ விளிம்பு தூக்கினாலோ உடனே மாற்ற வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் ஏசி சரியாக வேலை செய்யாத ஐசியூவில் நோயாளிக்குக் கழுத்தெல்லாம் வியர்த்துக் கொட்டும், கண்ணாடி டிரெஸ்ஸிங் ஒரே நாளில் பிரிந்து வரும், மேலே பிளாஸ்திரி ஒட்டி ஒப்பேற்றுவோம். அந்த மாதிரி வியர்க்கிறவர்களுக்குத் துணி டிரெஸ்ஸிங்தான் நல்லது என்றுதான் தொற்றுத் தடுப்பு வழிகாட்டியிலும் இருக்கிறது. எங்கள் ஊர் வெயிலுக்கு அதையும் ஸ்டாக்கில் வைக்க வேண்டும். கை கழுவும் சிங்க் அறையின் கோடியில் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் அங்கே நடந்து போய் ஒரு நிமிடம் கழுவிவிட்டு வா என்றால் நான்கு பெட் பார்க்கிறவரால் முடியாது. ஹேண்ட் ரப் ஒவ்வொரு கட்டில் காலிலும் தொங்கட்டும், 20, 30 வினாடியில் வேலை முடியும். பாட்டில் காலியானால் ஸ்டோருக்கு இன்டென்ட் எழுதிப் போட்டு மூன்று நாள் காத்திருக்கும் நிலை வேண்டாம்.

இதெல்லாம் புதிதாக நான் கண்டுபிடித்தது இல்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஜனவரியில் தொற்றுத் தடுப்புக்கான தேசிய வழிகாட்டியையே வெளியிட்டிருக்கிறது. இன்ஸ்பெக்ஷன் வரும் வாரம் அது மேசை மேல் இருக்கும்.

அந்தத் தாளில் என்ன எழுத வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். கத்தீட்டர் எதற்காக இருக்கலாம் என்பதை எழுதுங்கள்: யூரின் அடைத்துக்கொண்டவர், பிரஷர் நிலையில்லாமல் மணிக்கணக்கில் அளக்க வேண்டியவர், யூரின் கட்டுப்பாடில்லாமல் இடுப்புக்குக் கீழே ஆழமான புண் உள்ளவர், அசையவே கூடாத எலும்பு முறிவு, சில ஆபரேஷன்கள், கடைசி நாட்களில் வலியில்லாமல் இருக்கட்டும் என்று வைப்பது. சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷன் ஆனவர்களை சர்ஜன் சொல்லாமல் நாங்கள் தொட மாட்டோம், அதையும் தெளிவாக எழுதுங்கள். இதில் எதுவும் பொருந்தாதவருக்குக் காலை ஆறு மணிக்கு நைட் ஸ்டாஃப் டியூபை எடுத்துவிட்டு, நேரத்தைக் குறித்து, டியூட்டி டாக்டரிடம் சொல்லிவிடுவார். ஆறு மணி நேரம் பார்ப்போம். தானாகப் போகவில்லை என்றால் ஸ்கேன் செய்து பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும். சென்ட்ரல் லைனை எடுக்கும் முடிவு உங்களுடையதாகவே இருக்கட்டும், அதை நாங்கள் கேட்கவில்லை. "இன்று இது எதற்கு?" என்று தினமும் கேட்போம், அந்தக் கேள்விக்குக் கேஸ் ஷீட்டில் ஒரு வரி பதில் எழுதுங்கள். கீழே உங்கள் கையெழுத்தும் சீலும் வேண்டும். அது இல்லாமல் ஒரு இருபத்திரண்டு வயது ஸ்டாஃப் பெண் ஒரு டாக்டரை நிறுத்த மாட்டாள், நான் நிறுத்தவில்லையே.

இதை நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். என்னுடைய மூன்றாவது பெட்டில் புளியந்தோப்பிலிருந்து வந்த ஒரு அம்மா இருக்கிறார். முந்தாநாளே பிரஷர் சரியாகிவிட்டது, பிடித்துக்கொண்டால் எழுந்து நிற்கிறார், டியூப் இன்றோடு ஐந்தாவது நாள். இன்று காலை ஹேண்ட்ஓவருக்கு முன்னால் டியூட்டி டாக்டரிடம் கேட்டேன். "சீஃபைக் கேட்டுட்டுச் சொல்றேன் சிஸ்டர்" என்றார். சீஃப் திங்கட்கிழமைதான் வருவார். இன்று சனிக்கிழமை.

இப்படிக்கு,
வடசென்னையில் ஓர் ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ்